ஒளியும் களைத்துப் போகுமா?

(பரிசளிப்பு விழாவில் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழாவுக்குப் பேச்சாளர் என்று ஒருவர் வந்தால், குறள் இரண்டு சொல்லி, புத்திமதி பத்துச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். நான் அதைச் செய்யப் போவதில்லை. எனக்கு ஒரு கடன் இருக்கிறது, அதைத் தீர்க்கத்தான் வந்தேன்.

போன மாதம் இந்தப் பள்ளியின் கணினி அறைக்கு ஒளியிழைக் கம்பி இழுக்கும் வேலையை மேற்பார்க்க வந்திருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதுதான் என் தொழில். கம்பிக்குள் செம்புக்குப் பதிலாகக் கண்ணாடி, மின்சாரத்துக்குப் பதிலாக வெளிச்சம் என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சின்னப் பெண், நாலாம் ஆண்டோ ஐந்தாம் ஆண்டோ, கேட்டாள்: "தாத்தா, வெளிச்சம் ரொம்ப தூரம் போனா களைச்சுப் போவாதா?" "களைச்சுப் போவும்மா" என்றேன். "அப்புறம் என்னா பண்ணுவீங்க?" என்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். நான் வீடு போய்ச் சேரும் வரையில் அந்தக் கேள்வி மட்டும் மோட்டார் சைக்கிளின் பின்னாலேயே உட்கார்ந்து வந்தது. அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய மீதிப் பதில்தான் இன்றைய என் பேச்சு.

தம்போயிலிருந்து நீங்கள் சென்னையிலுள்ள உறவினருக்குக் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறீர்கள். அந்தப் பேச்சு வானத்தில் பறந்து போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். கோபுரம் வரைக்கும்தான் வானம். அதற்கப்பால் பெரும்பாலும் தரைக்கடியிலும் கடலுக்கடியிலும் கண்ணாடி இழைதான். 2002-இல் சென்னையிலிருந்து வங்காள விரிகுடாவின் அடியாகச் சிங்கப்பூர் துவாஸுக்கு ஒரு கம்பி போட்டார்கள். துவாஸ் என்றால் நம் இரண்டாம் பாலத்தைத் தாண்டியதும் வருகிற அதே துவாஸ்தான். நீளம் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். இழை ஒவ்வொன்றும் தலைமுடியை ஒத்த கனம். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த கடலின் அடியிலே இன்று வெளிச்சம் போய் வருகிறது.

வெளிச்சத்தை வளைந்த பாதையில் கொண்டுபோவது எப்படி? இழையின் உட்பகுதி ஒருவகைக் கண்ணாடி, வெளிப்பகுதி இன்னொரு வகை. உள்ளே போகும் ஒளி சுவரைச் சாய்வாகத் தொட்டால் வெளியேறாமல் உள்ளேயே திரும்பிவிடும். முழு அக எதிரொளிப்பு என்று பெயர். நான் அதை வாய்க்கால் என்றே சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்கு மண் வாய்க்கால், ஒளிக்குக் கண்ணாடி வாய்க்கால். இந்த வாய்க்கால் வித்தையை வளர்த்தவர்களில் ஒருவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. லண்டனில் ஹாப்கின்ஸ் என்னும் பேராசிரியரோடு சேர்ந்து இழைக்கற்றை வழியே படம் அனுப்பிக் காட்டினார். 1954-இல் அது வெளியாயிற்று.

ஆனால் அன்றைய கண்ணாடியில் ஒளி சில மீட்டரிலேயே சோர்ந்துவிடும். கண்ணாடியிலுள்ள அழுக்கு ஒளியைத் தின்றுவிடும். 1966-இல் சார்ல்ஸ் காவ் என்னும் சீனர், ஷாங்காயில் பிறந்தவர், இங்கிலாந்தில் ஹாக்கம் என்பவரோடு சேர்ந்து ஒரு கணக்குப் போட்டார். கண்ணாடியைச் சுத்தம் செய்தால் போதும்; ஒரு கிலோமீட்டர் தாண்டி நூற்றில் ஒரு பங்கு ஒளி வந்தாலே தொலைபேசிக்கு உதவும் என்றார். நூற்றில் ஒரு பங்கு! அதுவே அன்றைக்குப் பேராசையாகத் தெரிந்தது. 1970-இல் அமெரிக்காவில் கார்னிங் நிறுவனத்தார் அந்த எல்லையைத் தாண்டினார்கள். 2009-இல் காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு நல்ல இழையில் அதே நூற்றில் ஒரு பங்கு மிஞ்சுவதற்கு 100 கிலோமீட்டர் போக வேண்டும். கிலோமீட்டருக்கு நூற்றில் நாலரைப் பங்குதான் இழப்பு.

சரி, அது நல்ல கண்ணாடிதான். ஆனாலும் 3,200 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோமீட்டருக்கு நூற்றில் ஒன்று, அடுத்த 100-க்கு அந்த ஒன்றிலே நூற்றில் ஒன்று, இப்படி 32 தடவை. ஒன்றுக்குப் பின்னால் 64 சுழியம் போட்டு, அந்த எண்ணில் ஒரு பங்கு. அதாவது ஒரு துணுக்கு ஒளிகூட வந்து சேராது. அந்தச் சின்னப் பெண் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்று இப்போது தெரிகிறதல்லவா?

ஆகவே வழியிலே ஊட்ட வேண்டும். முன்பெல்லாம் ஒளியை மின்சாரமாக்கி, மின்சாரத்தைப் பெருக்கி, மறுபடி ஒளியாக்கி அனுப்பினார்கள். 1987-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவினர் ஒளியை ஒளியாகவே பெருக்கிக் காட்டினார்கள். கண்ணாடியில் எர்பியம் என்னும் தனிமத்தைத் துளி கலந்து, பக்கத்திலிருந்து ஒரு லேசர் ஒளியால் அதற்குத் தீனி போட்டு வைத்தால், களைத்து வருகிற ஒளி அதன் ஊடே போகும்போது தன்னைப் போலவே இன்னும் பல மடங்கு ஒளியைக் கிளப்பிக்கொண்டு போகும். சில மீட்டர் இழையிலே நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு கூடும். நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹாரித் அகமட் தலைமையில் இந்த எர்பிய இழைகளைப் பற்றி நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. வேறொரு வழியும் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1928-இல் கண்டுபிடித்தாரே, அந்த ராமன் விளைவைக் கொண்டு சாதாரணக் கண்ணாடி இழையிலேயே ஒளியைப் பெருக்கலாம். ராமனுக்கு அன்று கடலடிக் கம்பி நினைவிலே இருந்திருக்காது.

இங்கே என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குத்தகையாளரிடம் இழை ஒட்டும் வேலை பார்த்தேன். அடைமழை இரவு. தார்ப்பாய்க்குக் கீழே குந்திக்கொண்டு ஒட்டினேன். கருவியிலே பார்த்தால் அந்த ஒட்டில் 0.8 டெசிபல் இழப்பு. அதாவது நூற்றிலே 17 பங்கு ஒளி அந்த ஓர் இடத்திலேயே போய்விட்டது. வெட்டிவிட்டு மறுபடி ஒட்டியிருக்க வேண்டும். "இருக்கட்டும், அந்தப் பக்கம் பெருக்கியைக் கொஞ்சம் கூட்டிக்கலாம்" என்று மூடிவிட்டேன். கூட்டினார்கள், வேலை செய்தது. சில மாதங்கள் போனதும் வேறோர் ஒட்டும் பழுதாகி, பாதை முழுவதும் பிழை பிழையாக வரத் தொடங்கிற்று. பெருக்கிக்கு எது செய்தி, எது இரைச்சல் என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துத்தான் பெருக்கும். தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலையும் சேர்க்கும். முன்னாலே தொலைந்ததைப் பின்னாலே எவ்வளவு ஊட்டினாலும் பழைய தெளிவு வராது. மறுபடியும் ஒரு மழையிலே அதே குழியைத் தோண்டினேன்.

அன்றிலிருந்து என் மனத்தில் இழப்பு என்றால் எதிரி, ஊட்டம் என்றால் மருந்து, அதுவும் அரைகுறை மருந்து. தொழில் செய்கிற எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். ஓய்வு பெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன், இந்த இரண்டையும் வேறு விதமாக வைத்து ஒரு புதிய இயலே பிறந்திருக்கிறது என்று.

கடலடிக் கம்பியிலே இழப்பும் ஊட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதலில் இழக்கிறோம், பிறகு ஊட்டுகிறோம். அதற்குப் பதிலாக இரண்டு கண்ணாடி வாய்க்கால்களை அக்கம்பக்கமாக, தலைமுடியின் கனத்தைவிடக் குறைந்த இடைவெளியில் வைத்தால் என்ன? ஒளி வாய்க்காலுக்குள் அடங்கியிருந்தாலும் அதன் ஓரம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும். அந்த ஓரம் அடுத்த வாய்க்காலைத் தொட்டால் ஒளி மெல்ல மெல்ல அங்கே குடிபெயர்ந்துவிடும். பிறகு திரும்பி வரும். போகும், வரும்.

இதை நம்புவது கடினமாக இருந்தால் ஊஞ்சலை நினையுங்கள். எங்கள் லயத்துக்குப் பின்னால் இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு கயிறு கட்டி, அந்த ஒரே கயிற்றில் இரண்டு ஊஞ்சல் தொங்கவிட்டிருந்தோம். என் அண்ணன் ஒன்றில், நான் ஒன்றில். அவர் ஆடத் தொடங்குவார், நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் என் ஊஞ்சல் தானாக ஆடும், அவருடையது நின்றுவிடும். பிறகு என்னுடையது நிற்கும், அவருடையது ஆடும். "பேய் தள்ளுதுடா" என்று அண்ணன் பயம் காட்டுவார். பேயில்லை, கயிறுதான். ஓர் ஊஞ்சலின் ஆட்டத்தைக் கயிறு மற்றதற்குக் கடத்துகிறது. இதைப் பிணைப்பு என்று சொல்வோம்.

இப்போது ஒரு மாற்றம். அண்ணனுடைய ஊஞ்சலுக்குப் பின்னால் ஒருவர் நின்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சிறிது தள்ளிவிடுகிறார். அது ஊட்டம். நான் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே ஆடுகிறேன். அது இழப்பு. அவர் தள்ளுவதும் நான் தேய்ப்பதும் சரிக்குச் சரி. என்ன ஆகும்? காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால்வாளி தொங்கவிட்டு நடந்தவர்களுக்குச் சரிக்குச் சரி என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இது வெறும் எடைச் சமநிலை இல்லை. இங்கே இன்னொரு நிபந்தனை இருக்கிறது. அதுதான் என் பேச்சின் நடுப்புள்ளி.

1998-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் கார்ல் பெண்டர் என்பவர் பொட்சர் என்னும் தம் முன்னாள் மாணவரோடு சேர்ந்து ஒரு கணிதக் கட்டுரை எழுதினார். அதுவரை இயற்பியலார், ஊட்டமும் இழப்பும் உள்ள அமைப்பிலே நிலையான, ஒழுங்கான விடை வராது என்றே நினைத்திருந்தார்கள். பெண்டர் சொன்னார்: ஒரு வகைச் சீர்மை இருந்தால் வரும். அது என்ன சீர்மை? தோட்டத்திலே திரை கட்டிப் படம் காட்டுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஊட்டம் இடப்புறம், இழப்பு வலப்புறம். அதை நிலைக்கண்ணாடியில் பார்த்தால் ஊட்டம் வலப்புறமாகிவிடும். படச்சுருளைப் பின்னோக்கி ஓட்டினால் வளர்வது தேய்வதாகவும் தேய்வது வளர்வதாகவும் தெரியும். இரண்டையும் ஒன்றாகச் செய்தால், அதாவது கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பின்னோக்கி ஓட்டினால், முதலில் இருந்த படமே திரும்ப வந்துவிடும். இடமாற்றமும் காலமாற்றமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. இவ்வளவுதான் அந்தச் சீர்மை.

பெண்டர் எழுதியது அணுவின் கணிதத்துக்கு. அதைக் கண்ணாடி வாய்க்காலிலே செய்து காட்டலாம் என்று 2007, 2008 வாக்கில் அமெரிக்காவின் புளோரிடாவில் கிறிஸ்டோடூலிடிஸ் என்னும் பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகள் எல்-கனைனி, மக்ரிஸ் ஆகியோரும் எழுதினார்கள். இரண்டு வாய்க்கால், ஒன்றில் ஊட்டம், மற்றதில் அதே அளவு இழப்பு, நடுவிலே பிணைப்பு.

படிவம் இரண்டு மாணவர்கள் இங்கே இருக்கிறார்களா? பிதாகரஸ் தேற்றம் படித்திருப்பீர்கள். மூன்று, நான்கு, ஐந்து. அதை எடுத்துக்கொள்வோம். பிணைப்பின் வலிமை 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டமும் இழப்பும் இல்லாதபோது ஒளி இங்குமங்கும் போய்வரும் வேகமும் 5. இப்போது ஊட்டம் 3, இழப்பு 3 என்று வைத்தால், வேகம் 4 ஆகிறது. 25-இலிருந்து 9-ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 4. செங்கோண முக்கோணம்தான், வேறொன்றும் இல்லை. ஊட்டத்தை 4 ஆக்கினால் வேகம் 3. ஒளி இன்னும் போய்வருகிறது, கொஞ்சம் நிதானமாக. மொத்த வெளிச்சம் ஒரு நேரம் கூடும், ஒரு நேரம் குறையும், ஆனால் எல்லை மீறாது. 4.9 ஆக்கினால் வேகம் ஏறக்குறைய 1. 5 ஆக்கினால்? சுழியம். போக்குவரத்து நின்றுவிட்டது. அதற்கு மேல் 6 வைத்தால் கழித்தலே எதிர்மறையாகிவிடும், வர்க்கமூலம் எடுக்க முடியாது. கணக்கு முறிகிறது என்றால் இயற்கையில் என்ன நடக்கிறது? ஊட்டம் பெறுகிற வாய்க்காலில் ஒளி கட்டுக்கடங்காமல் பெருகிக்கொண்டே போகும், மற்றதற்கு அதில் ஒரு சிறு பங்குதான் வந்து சேரும். சீர்மை உடைந்துவிட்டது என்று சொல்வார்கள்.

அமைப்பிலே சரிக்குச் சரி அப்போதும் இருக்கிறது, கவனியுங்கள். 6-க்கு 6. ஆனால் நடுவிலுள்ள கயிறு 5-தான். கயிற்றின் வலிமையைவிட இருபுறத்து வேறுபாடு மிஞ்சிப்போனால், சமமாக வைத்தும் சமநிலை கிடைக்காது.

இயற்பியலை வாழ்க்கைக்கு உவமையாக இழுப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத வேலை. இருந்தாலும் மூன்றாம் வரிசையில் என் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். ஆறாம் ஆண்டோடு அவர் பள்ளியை விட்டு உளியைப் பிடித்தார். அந்தச் சம்பளத்திலே நான் படிவம் ஐந்து வரை போனேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது. மேலே போவோம்.

கணக்கு கணக்காகவே இருந்தால் போதுமா? 2010-இல் ஜெர்மனியின் கிளௌஸ்தால் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ரூட்டர், கிப் ஆகியோர், கிறிஸ்டோடூலிடிஸ் குழுவோடு சேர்ந்து, செய்தே காட்டிவிட்டார்கள். லித்தியம் நியோபேட் என்னும் படிகத்திலே இரண்டு வாய்க்கால் போட்டார்கள். மேலிருந்து லேசர் ஒளி பாய்ச்சி ஒன்றுக்கு மட்டும் ஊட்டம் கொடுத்து, மற்றதை மறைத்து வைத்தார்கள். ஊட்டம் குறைவாக இருந்தபோது ஒளி இங்குமங்கும் போய்வந்தது. எல்லை தாண்டியதும், எந்த வாய்க்காலில் ஒளியைச் செலுத்தினாலும் அது ஊட்டம் உள்ள வாய்க்கால் வழியாகவே வெளியே வந்தது. கணக்கு சொன்னபடியே.

ஆனால் என்னை உண்மையில் தூக்கிவாரிப் போட்டது அதற்கு முந்திய ஆண்டு, 2009-இல், நடந்த இன்னொரு சோதனை. அதில் ஊட்டமே கிடையாது. இரண்டு வாய்க்கால், ஒன்று நல்லது, மற்றதன்மேல் மெல்லிய உலோகப் பட்டை பூசி இழப்பை உண்டாக்கினார்கள். இழப்பைப் படிப்படியாகக் கூட்டினார்கள். வெளியே வரும் மொத்த ஒளி என்ன ஆகும்? குறையும். அப்படித்தான் குறைந்தது. மேலும் கூட்டினார்கள், மேலும் குறைந்தது. ஒரு கட்டத்துக்குப் பிறகு இழப்பைக் கூட்டக் கூட்ட வெளியே வரும் ஒளி அதிகமாயிற்று! அது எப்படிங்க முடியும் என்பீர்கள். நானும் முதலில் அச்சுப்பிழை என்றே நினைத்தேன். இழப்பு கொஞ்சமாக இருக்கும்போது ஒளி அந்தக் கெட்ட வாய்க்காலுக்குள் போய்ப் போய் வருகிறது, ஒவ்வொரு தடவையும் ஒரு பங்கைப் பறிகொடுக்கிறது. இழப்பு பெரிதாகிப் பிணைப்பை மிஞ்சியதும், ஒளியால் அந்தப் பக்கம் குடிபெயரவே முடியவில்லை. நல்ல வாய்க்காலிலேயே தங்கிவிடுகிறது. மூன்று பதிற்றாண்டுகள் இழப்போடு மல்லுக்கட்டிய எனக்கு, இழப்பையே காவலாக நிறுத்தலாம் என்று படித்தபோது, சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து நடந்தேன்.

இதனால் என்ன பயன்? தோட்டத்துப் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விதான் இது. 2014-இல் புளோரிடாவிலும் கலிபோர்னியாவிலும் இரண்டு குழுவினர் இந்த முறையிலே லேசர் செய்தார்கள். சின்ன வளைய லேசர் ஒரே நேரத்தில் பல நிறங்களில் கத்தும், பல பேர் ஒன்றாகப் பேசுவது மாதிரி. புளோரிடாக் குழுவினர் ஊட்டம் பெறும் வளையத்துக்குப் பக்கத்தில் இழக்கும் வளையம் ஒன்றை வைத்தார்கள். வேண்டாத குரல்கள் எல்லாம் இழப்போடு பிணைந்து அடங்கிவிட்டன. ஊட்டம் மிஞ்சிய ஒரே குரல் மட்டும் சுத்தமாகக் கேட்டது.

தமிழ்நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. திருச்சிராப்பள்ளியில், நம் புரட்சிக்கவிஞர் பெயரால் அமைந்த பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மு. லட்சுமணன் பல ஆண்டுகளாக ஒளியிழைகளில் ஓடும் தனியலைகளைப் பற்றி ஆராய்ந்து வந்தவர். சிதறாமல் உருக்குலையாமல் நெடுந்தூரம் ஓடும் ஒளித் துடிப்புக்குத்தான் தனியலை என்று பெயர். 1997-இல் அவரும் ராதாகிருஷ்ணனும் பின்லாந்தின் ஹியெட்டரிந்தாவும் சேர்ந்து, இரண்டு தனியலைகள் மோதும்போது ஒன்றின் ஆற்றல் மற்றொன்றுக்கு எப்படி மாறுகிறது என்று எழுதினார்கள். 2019-இல் கோவிந்தராசனும் குவாஹாத்தி ஐ.ஐ.டி.யின் அமரேந்திர சர்மாவும் லட்சுமணனும் சேர்ந்து, ஊட்டமும் இழப்பும் சரிசமமாக உள்ள இரட்டை வாய்க்காலில் ஒரு தனியலையை ஒரு பாதையிலிருந்து மறுபாதைக்கு மிகக் குறைந்த ஆற்றலில், ஏறக்குறைய முழுதாக, திருப்பிவிட முடியும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். இரயில் தண்டவாளத்தில் பாதை மாற்றும் பிடியை நினைத்துக்கொள்ளுங்கள், அது இங்கே ஒளிக்கு. தாளில் போட்ட கணக்குத்தான். பெண்டரும் தாளிலேதான் தொடங்கினார்.

எல்லாம் வெற்றி என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். இதை வைத்து ஒளிக்கு ஒருவழிக் கதவு செய்துவிட்டதாகச் சிலர் அவசரப்பட்டார்கள். சாதாரண நிலையில் அது முடியாது. ஒளி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் அளவு, அதே வழியில் திரும்பி வரும்போதும் மாறாது; அதை மீற வேண்டுமானால் ஒளியின் வலிமைக்கேற்பக் குணம் மாறும் பொருளோ, காந்தமோ, நேரத்துக்கு நேரம் மாற்றிக்கொண்டிருக்கும் அமைப்போ வேண்டும். இன்னொன்று, சற்று முன் பார்த்தோமே, ஊட்டம் 4.9-இலிருந்து 5-க்குப் போகும் அந்தச் சின்ன அடியில் வேகம் 1-இலிருந்து சுழியத்துக்கு விழுகிறது. அப்படியானால் அந்த முனையில் நிறுத்திவைத்தால் மிகமிகச் சிறிய மாற்றத்தையும் பெரிதாகக் காட்டும் கருவி செய்யலாமே என்று 2017-இல் இரண்டு சோதனைகள் வெளிவந்தன. பெருத்த ஆரவாரம். 2020-இல் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தார், சுழற்சியை அளக்கும் லேசர் கருவி ஒன்றில் சோதித்துவிட்டு, அந்த முனையில் செய்தி பெரிதாவது போலவே இரைச்சலும் பெரிதாகிறது, முடிவிலே மிச்சம் ஒன்றும் இல்லை என்று எழுதினார்கள். மழையிலே நான் தோண்டிய குழி ஞாபகத்துக்கு வந்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை. என் மதிப்பீட்டைக் கேட்டால், லேசருக்கு இது நிற்கும், அளவுக் கருவிக்கு நிற்குமா என்பது சந்தேகந்தான்.

ஓர் ஆசிரியர் பேச்சுக்கு முன் என்னிடம், "ஐயா, இதெல்லாம் தமிழ்ல சொன்னா பிள்ளைங்களுக்குப் புரியுமா?" என்று அக்கறையோடு கேட்டார். அவரையே சாட்சியாக வைத்துக் கேட்கிறேன். வாய்க்கால், ஊட்டம், இழப்பு, பிணைப்பு, ஊஞ்சல், கயிறு. இதில் எந்தச் சொல்லுக்கு நீங்கள் அகராதி புரட்டினீர்கள்? நான் படித்த காலத்தில் அறிவியல் என்றால் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைக்கு எட்டாது என்று சொல்லியே எங்களில் பாதிப் பேரைக் கலைப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். நானும் நம்பினேன். அந்தப் பத்தாண்டுகளை எனக்கு யாரும் திருப்பித் தர முடியாது. இங்கிருந்து ஸ்கூடாய் எவ்வளவு தூரம்? மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது, லேசர் ஆய்வும் நடக்கிறது. தினமும் அந்த வழியாகத்தான் பலர் வேலைக்குப் போகிறீர்கள். ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டுப் பார்க்கும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தச் சின்னப் பெண் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியவில்லை. அம்மா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். வெளிச்சம் களைத்துத்தான் போகும். கடலடியிலே ஐம்பது, நூறு கிலோமீட்டருக்கு ஒருதரம் அதற்கு ஊட்டுகிறோம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வழி போட்டு, ஒன்றில் ஊட்டி, ஒன்றில் இழக்கவிட்டு, நடுவிலே பிணைப்பை வலுவாக வைத்தால், களைப்பையும் ஒரு வேலைக்காரனாக்கிக்கொள்ளலாம். எவ்வளவு வலுவாக என்பதைச் செங்கோண முக்கோணத்தில் போட்டுப் பார்.

மேடைக்குக் கீழே, வலப்பக்கம், இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு கயிறு கட்டி, தண்ணீர் நிரப்பிய இரண்டு போத்தல்களைத் தொங்கவிட்டிருக்கிறேன். இரண்டுக்கும் நூலின் நீளம் ஒன்றே. ஒன்றை ஆட்டிவிட்டு மற்றதைத் தொடாமல் பாருங்கள். பிறகு ஒன்றை விரலால் தாளத்துக்குத் தட்டுங்கள். மற்றதன் அடியில் ஒட்டியிருக்கும் குச்சி, கீழேயுள்ள பேசினில் தண்ணீரைத் தொடும்படி வையுங்கள். கயிற்றைத் தளர்த்தியும் இழுத்துக் கட்டியும் பாருங்கள். பரிசு வாங்கியவர்களும் வாங்காதவர்களும் வரிசையாக வாருங்கள், தள்ளிக்கொள்ள வேண்டாம். போத்தல் உடைந்தால் என் அண்ணனிடம் சொல்லுங்கள், அவர்தான் முடிச்சுப் போட்டார்.